பாலும் போர்வையும்

மதராஸ் என்ற பெயரை நகரம் 1996ல் விட்டுவிட்டது. உயர் நீதிமன்றம் விடவில்லை, பல்கலைக்கழகம் விடவில்லை, ஐஐடி விடவில்லை. கண் சிவந்து நீர் வடிந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்றுதான் இன்றும் சொல்கிறோம். அந்தப் பெயரோடு வாழும் இன்னொன்றை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு விலங்கு அது. கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் நடத்திய அருங்காட்சியகத்தின் பாலூட்டிகளைப் பட்டியலிட்டு 1851ல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் ஒரு நூல் வெளியிட்டார். மதராஸிலிருந்து கப்பலேறிப் போன ஒரு முள்ளெலிக்கு அதில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டு அது மெட்ராஸ் முள்ளெலி ஆனது.

முள்ளம்பன்றியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. முள்ளம்பன்றி கொறிக்கும் இனம், உருவிலும் பெரியது. முள்ளெலியோ பெயரில் எலி இருந்தாலும் எலிக்கு உறவில்லை, மூஞ்சூறுக்குத்தான் பங்காளி. பகலெல்லாம் புதரடியில் தூங்கி, இருட்டிய பிறகு வெளியே வந்து வண்டு, கரையான், தேள் என்று தின்று விடியும்முன் திரும்பிவிடும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பூர், கோவைப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்கோ தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளுக்கோ போக வேண்டும். அரசு ஏடுகளில் ‘தரிசு’ என்று எழுதப்பட்டு, அதனாலேயே மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிக்கொண்டிருக்கும் நிலங்கள்தான் அதன் வீடு. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரிக்கும் கீரிக்கும் எதிரே இந்த வித்தை பலித்தது. நெடுஞ்சாலையில் வரும் லாரிக்கு எதிரே பலிப்பதில்லை.

தென் மாவட்டக் கிராமங்களில் அதன் முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கி, தேனில் குழைத்து, கக்குவான் இருமல் வந்த பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்த இருமல் வராமல் தடுக்கும் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ஊசி ஒழுங்காகப் போய்ச் சேரும் ஊரில் முள்ளெலியைப் பிடிக்க யாருக்கும் காரணமிருக்காது. 2025ல் தமிழ்நாடு அரசு, பலரும் கவனிக்காத நான்கு உயிரினங்களைக் காக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, கூன்முதுகு மஹ்சீர் மீன் ஆகியவற்றோடு மெட்ராஸ் முள்ளெலியும் அதில் இருந்தது. பெயர் வைத்து 174 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கவனிப்பு என்றாலும், வந்ததே என்று மனம் நிறைகிறது.

இதே முள்ளெலியின் உறவுக்கார இனம் இங்கிலாந்தில் கடந்துவந்த பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1566ல் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் தானியங்களைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. முள்ளெலியைக் கொன்று கொண்டுவந்தால் தலைக்கு இரண்டு பென்ஸ் கொடுக்கும்படி அது ஒவ்வொரு ஊர்த் திருச்சபையையும் பணித்தது. இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய் வைத்து அது பாலைக் குடித்துவிடுகிறது என்று ஊர் நம்பியதுதான் காரணம். அவ்வளவு சின்ன வாயால் பசுவின் காம்பைப் பற்ற முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று நூற்றாண்டுகள் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது; 1863ல்தான் நீக்கினார்கள். பிறகு காற்று மாறியது. 1905ல் பீட்ரிக்ஸ் பாட்டர் ஒரு முள்ளெலியைத் துணி வெளுக்கும் பாட்டியாக்கிக் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். தோட்டத்துக்கு வரும் முள்ளெலிக்கு மக்கள் அன்போடு கிண்ணத்தில் பாலும் ரொட்டியும் வைத்தார்கள். அந்தப் பாலில் அது பேதி கண்டு துவண்டது. வளர்ந்த முள்ளெலியால் பாலைச் செரிக்க முடியாது.

பாலைத் திருடுகிறது என்று கொன்ற காலம் ஒன்று. பாலை ஊட்டியே வாட்டிய காலம் ஒன்று. மூன்றாவது காலம் நம் வாழ்நாளிலேயே தொடங்கியது. 1978ல் ஐல்ஸ்பரி என்ற ஊரில் லெஸ் ஸ்டாக்கர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே அடிபட்ட காட்டுயிர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அது பின்னாளில் பெரிய காட்டுயிர் மருத்துவமனையாக வளர்ந்தது. 1982ல் ஏட்ரியன் கோல்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மேஜர், மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பித் தடுப்பின் குழியில் ஒரு முள்ளெலி விழுந்து ஏற முடியாமல் தவித்ததைக் கண்டார். அதைத் தூக்கி வெளியே விட்டதோடு நிற்கவில்லை. அந்தமாதிரிக் குழிகளிலெல்லாம் ஏறிவரச் சின்னச் சரிவுப்பலகை வைக்கவேண்டும் என்று உள்ளாட்சியிடம் கேட்டார். முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது அப்படித்தான். இன்று அங்கே பாலுக்குப் பதில் தண்ணீர் வைக்கிறார்கள். வேலியடியில் 13 சென்டிமீட்டர் சதுர ஓட்டை விட்டு ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறார்கள். பகையிலிருந்து பாசத்துக்கு வர முந்நூறு ஆண்டுகள் ஆயின. பாசத்திலிருந்து விவரத்துக்கு வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

நாம் வாழும் மயிலாப்பூர் இந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பகை நமக்குப் பெரிதாக இருந்ததில்லை. அம்பிகை மயிலாகப் புன்னை மரத்தடியில் ஈசனைப் பூசித்த தலம் என்றே ஊருக்குப் பெயர். சாப்பிடும்முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு, வாசலில் எறும்புக்கு அரிசிமாவுக் கோலம் என்பவை யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கங்கள் அல்ல. ஆனால் பாசம் இருந்த இடத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது. 1516ல் போர்ச்சுகீசியர்கள் லஸ் மாதா கோயிலைக் கட்டியபோது சுற்றிலும் மரக்கூட்டம். காட்டுக் கோயில் என்ற பெயர் அதற்கு இன்றுவரை நிலைத்திருக்கிறது. மயிலாப்பூருக்கு மேற்கே நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்தது பெரிய ஏரி, ஆங்கிலேயர்கள் ‘லாங் டேங்க்’ என்று வரைபடத்தில் எழுதியது. 1923 முதல் அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்து மனை போட்டதில் எழுந்ததுதான் தியாகராய நகர். பனகல் பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் ஏரிப்படுகைமேல் நடக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மிச்சமிருக்கிறது. பார்ப்பதற்கு லேக் இல்லை. அதற்குப் பிறகு லஸ் சர்ச் ரோட்டிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் இருந்த தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாகப் பங்கு பிரிந்தன. கிணற்றடி போனது, மாமரம் போனது, ஓட்டுக்கூரை போனது. ஒரு வீடு இருந்த இடத்தில் பதினாறு ஃபிளாட்டுகள் வந்தன.

அப்படியும் அங்கிருந்த உயிர்கள் போகவில்லை என்பது என்னை நெகிழ வைக்கிறது. ஓட்டு வீட்டுப் பரணில் குட்டி போட்ட மரநாய், இப்போது ஃபிளாட்டின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் நடக்கிறது. கூகை கோபுரப் பொந்தையும் மூடிக்கிடக்கும் வீட்டின் மாடத்தையும் விடவில்லை. கீரிப்பிள்ளை மழைநீர்க் கால்வாய் வழியே தெருவுக்குத் தெரு போய்வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர்ப் பாம்பு கார் நிறுத்துமிடத்துக்கு வருகிறது. ஏரி இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் அதுவும் வரத்தானே செய்யும்? இவையெல்லாம் நம் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாகப் பேசுகிறோம். நிலப்பட்டாவை அவற்றிடம் காட்ட முடியாது.

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அதை நாமே மறந்துவிட்டோம். இந்தியா முழுவதற்கும் விலங்குகளுக்கான இரக்கம் சட்டமானது நம் பக்கத்து வீதிகளில் இருந்தவர்களால்தான். அடையாறு பிரம்மஞான சபையில் வளர்ந்து, 1936ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1952ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போன அவர் அங்கே கொண்டுபோனது விலங்குவதைக்கு எதிரான தனிநபர் மசோதாவை. அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதன்மேல் அதைத் திரும்பப் பெற்றார். 1960ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1986ல் மறையும்வரை அதை நடத்தினார். டெல்லிக்கு வெளியே, சென்னையில், ஒரு மத்திய அரசு வாரியத்தின் தலைமையகம் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 2018ல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது இந்த ஊரில் ஒரு பெரிய குரல் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை.

அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் விமானி கேப்டன் வி. சுந்தரம், 1959ன் மழையில் வெள்ளம் தேங்கிய தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது அந்த வீட்டில்தான். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்ற யோசனையை அவர்கள் 1964லேயே செயலில் காட்டினார்கள். மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. கிண்டிக்கு 1972ல் வந்த பாம்புப் பண்ணை, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சி, பாம்பைக் கண்டால் கம்பைத் தேடும் கையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தது. அங்கே கூடிய இளைஞர்கள்தான் 1970களின் தொடக்கத்தில் இரவில் கடற்கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காத்தார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அந்த நடையை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஒவ்வொரு பருவத்திலும் தொடர்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், ஜனவரியிலிருந்து, பாதி ராத்திரியில் தொடங்கி விடியும்வரை மணலில் நடப்பார்கள். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, ஏறத்தாழ ஒன்றரை மாதம் காவலிருந்து, குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். சம்பளம் கிடையாது.

இவர்களில் ஒருவரும் காட்டுக்குப் போய் இதைத் தொடங்கவில்லை. வீட்டு வாசல், பக்கத்துக் கடற்கரை, தண்ணீர் தேங்கிய தெரு என்று கண்முன்னே கிடந்ததில் கை வைத்தார்கள். அப்படியானால் இன்று ஃபிளாட்டில் இருக்கும் நமக்கும் அதே வாசல் இருக்கிறது. குறைவாக இருப்பது விவரம்.

மயிலை என்று பெயர் கொண்ட ஊரில் சங்ககால வள்ளல் பேகனைச் சொல்லாமல் தீராது. மலைச்சாரலில் நின்ற மயில் குளிரில் நடுங்குகிறதே என்று தன் போர்வையை அதன்மேல் போர்த்தியவன். மயில் அதை இழுத்துப் போர்த்திக்கொள்ளப் போவதில்லை என்பது அவனைப் பாடிய புலவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனத்துக்காகப் பாடினார்கள். அந்த மனம் நமக்குக் குறைவில்லாமல் வாய்த்திருக்கிறது. ஆனால் மயிலின் பக்கத்திலிருந்து பார்த்தால், நனைந்த துணி ஒன்று இறகின்மேல் கிடந்தால் அது பறப்பதற்குத்தான் தடை. நம் அன்பான செயல்களில் பல இப்படி முடிகின்றன. கூண்டுக்கிளி அதில் ஒன்று. இந்தியக் காட்டுப் பறவைகளின் வியாபாரத்துக்கு 1990களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆனாலும் “குஞ்சிலேயே கீழே விழுந்துச்சு, நாங்கதான் வளர்த்தோம்” என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் நிறைய. அதிர்ஷ்டத்துக்கென்று கட்டை விரல் அளவு நட்சத்திர ஆமையைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். வறண்ட புல்வெளியில் நடக்கப் பிறந்த பிராணி அது. தண்ணீர்த் தொட்டியில் அதன் ஓடு மெத்தென்று போய்விடும்.

1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 39ஆம் பிரிவுப்படி காட்டுயிர் அரசின் சொத்து. எந்த வழியில் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். இரக்கத்துக்கு எதிரான சட்டம்போல முதலில் படும். உள்ளே போய்ப் பார்த்தால், காப்பாற்றுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு என்பதை ஒரு காலக்கெடுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதரிடம் வளர்ந்த கிளிக்குப் பருந்தின் நிழல் தெரியாது. அதைத் திரும்பப் பறக்கவிட மாதக்கணக்கில் பழக்க வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு அதுவும் முடியாது.

விவரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சித்திரை வெயிலில், ஏசி மெக்கானிக் பழைய அவுட்டோர் யூனிட்டைக் கழற்றினார். பின்னாலிருந்து ஒரு பந்து விழுந்தது. தேங்காய் நார், துடைப்பக்குச்சி, தலையணைப் பஞ்சு, சுவாமி விளக்குக்குத் திரித்து வைத்திருந்த திரிகள் என்று எல்லாம் சேர்த்துப் பின்னிய கூடு. உள்ளே மூன்று அணில் பிள்ளைகள், கண் திறக்காதவை. முதல் மாடி மாமி பாலாடையோடு வந்துவிட்டார். பேரனுக்குக் கொடுத்த அதே பாலாடை. கீழ் வீட்டுப் பையன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவன்.

“பசியில கத்தறதுடா. ரெண்டு சொட்டுப் பால் விட்டா என்ன?”

“வேண்டாம் மாமி. இப்போ அதுக்கு வேண்டியது சூடு. தொட்டுப் பாருங்கோ, ஜில்லுனு இருக்கு. உடம்பு சூடேறாம எது உள்ளே போனாலும் செரிக்காது. மூக்கு வழியா நெஞ்சுக்குள்ள போயிட்டா அவ்வளவுதான்.”

“பசும்பால் கூடவா ஆகாது?”

“அதுதான் ரொம்ப ஆகாது. பேதியாயிடும்.”

ஒரு தண்ணீர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதைச் சுற்ற மாமியின் பழைய பருத்திப் புடவைத் துண்டு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பாட்டிலை ஓரமாக வைத்து, பிய்ந்த கூட்டையே திரும்பவும் உள்ளே பரப்பி, பிள்ளைகளை விட்டு, யூனிட் இருந்த அதே ஸ்லாபில் கயிற்றால் கட்டினான். மெக்கானிக்கிடம், “அண்ணே, புது யூனிட்டை நாளைக்கு மாட்டிக்கலாமா?” என்று கேட்டான். அவரும் சரி என்று போனார். காக்கை வராமல் பார்க்க மாமி அடுக்களை ஜன்னலுக்கு உள்ளே நின்றார். நாலு மணி வாக்கில் தாய் வந்தது. ஸ்லாபின் ஓரத்தில் வாலை உதறிக்கொண்டு கத்தியது. பிறகு பெட்டிக்குள் இறங்கி, ஒன்றின் வயிற்றுத் தோலை வாயில் கவ்வ, அது தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. அடுத்த வீட்டுத் தென்னைமரக் கொண்டைக்கு எடுத்துப் போனது. மூன்றாவதை எடுக்க வருவதற்குள் அரைமணி ஆகிவிட்டது. அதுவரை மாமி காபி போடவில்லை.

எல்லா முறையும் தாய் வருவதில்லை. இருட்டும்வரை வராவிட்டால், உடம்பில் காயமோ எறும்போ இருந்தால், மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். ஆனால் முதல் இரண்டு மணி நேரத்தில் அவசரப்பட்டு எடுத்துப்போகும் பிள்ளைகளில் பலவற்றுக்குத் தாய் பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும். பறவைக் குஞ்சுக்கும் இதுவே. மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. கூடு தெரிந்தால் எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். இறகு முளைத்துத் தரையில் தத்திக்கொண்டிருப்பது பறக்கக் கற்கும் குஞ்சு. பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகி நிற்பதுதான் உதவி. வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடவே கூடாது, கடித்தால் நோய் தொற்றும் ஆபத்து உண்டு. துணியோ பெட்டியோ கொண்டு மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கேபிள் ஒயரில் மாஞ்சா நூல் சிக்கித் தொங்கும் பருந்தைப் பார்த்தால் நூலை இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். இழுத்தால் சிறகின் சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ல் நாடு முழுவதும் தடை செய்தது. பழைய நூல்கள் மரங்களிலும் ஒயர்களிலும் கிடக்கின்றன, மட்குவதில்லை. கண்ட இடத்தில் சுருட்டிக் குப்பையில் போடுவதே ஒரு பறவையைக் காப்பாற்றுவதுதான்.

புறாவுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தர்மம் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மாடப்புறா இந்த நகரத்தில் உதவி வேண்டி நிற்கும் இனம் அல்ல. தானியம் கொட்டும் இடத்தில் எலி பெருகும், எலி பெருகினால் அடுத்து விஷம் வைப்பார்கள், அந்த எலியைத் தின்று கூகை சாகும். அந்தப் பணத்தில் மீட்பு மையத்துக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம்.

எலி பிடிக்கும் பசை அட்டையைப் பற்றி நான் கடுமையாகத்தான் பேசுவேன். எலிக்கென்று வைக்கும் அட்டையில் பல்லி ஒட்டுகிறது, அரணை ஒட்டுகிறது, அணில் ஒட்டுகிறது. ஒட்டியது எலியே ஆனாலும், பசியிலும் தாகத்திலும் தோலைப் பிய்த்துக்கொண்டு நாள் கணக்கில் சாகிறது. பல மாநிலங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, இருந்தும் பிளாட்பாரத்தில் கூவி விற்கிறார்கள். அணிலோ குருவியோ ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக் கூடாது. சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, பசை இளகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி விடுவித்து, மூச்சுத் துவாரத்தில் எண்ணெய் போகாமல் பார்த்து, துணியில் சுற்றி உடனே கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிலத்தடி நீர் உயர்ந்தது, நல்ல சட்டம். கூடவே நகரமெங்கும் செங்குத்துச் சுவருள்ள குழிகள் வந்தன. மூடி உடைந்த சேகரிப்புக் குழி, திறந்து கிடக்கும் சம்ப், பாதி கட்டிய லிஃப்ட் பள்ளம் என்று கோடையில் தண்ணீர் தேடி வரும் அணிலும் கீரியும் ஓணானும் விழுந்தால் ஏற வழியில்லை. இங்கிலாந்து மேஜர் கம்பித் தடுப்புக் குழியில் கண்டது இதைத்தான். ஒரு மரப்பலகை அல்லது தடித்த தென்னங்கயிறு உள்ளே தொங்கினால் போதும், அல்லது ஒரு வலை மூடி. மாடியில் பறவைக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியிலும் ஒரு கருங்கல்லைப் போட்டு வைத்தால் தேனீயும் அணில் குட்டியும் மூழ்காது.

வேளச்சேரி சாலையில் ப்ளூ கிராஸ் இருக்கிறது, பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை இருக்கிறது, கிண்டியில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. இந்த மூன்றும் பக்கத்திலேயே இருப்பதால் பொறுப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த வர்தா புயல் ஆகியவற்றுக்குப் பின்னான நாட்களைத் தன்னார்வலர்களிடம் கேட்டால் தெரியும். கூடிழந்த கிளியும் காக்கைக் குஞ்சும் அணிலும் பெட்டி பெட்டியாக வந்தன. வைக்க இடமில்லை, ஊட்ட ஆளில்லை. கண் திறக்காத அணில் பிள்ளைக்கு இரவிலும் சில மணிக்கொருமுறை எழுந்து ஊட்ட வேண்டும். புயல் இல்லாத சாதாரண நாளிலும் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, எங்கே கிடைத்தது என்ற விவரம்கூடச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை மணி, என்ன கொடுத்தீர்கள் என்ற நாலு தகவல்தான் அந்த உயிரைத் திரும்ப அதே இடத்தில் விட உதவுபவை. ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியோடு வைப்பது பெரிய வேலை இல்லை.

அவர்களுக்கு வேண்டியவற்றில் பல நம் வீட்டிலேயே கிடக்கின்றன: பழைய செய்தித்தாள், துவைத்த துண்டுகள், மூடியுள்ள அட்டைப்பெட்டிகள், ஒத்தட விளக்கு. பணமாகக் கொடுப்பவர்கள் ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிதாகக் கொடுத்தால் மருந்துக் கடைக் கணக்கை முன்கூட்டியே திட்டமிட முடிகிறது. காரும் நேரமும் உள்ள ஓய்வுபெற்றவர்கள் மயிலாப்பூரில் ஏராளம். மந்தைவெளியில் அடிபட்ட கூகையை ராத்திரி ஒன்பது மணிக்குக் கிண்டிக்குக் கொண்டுசேர்க்க ஒரு ஆள் கிடைத்தால், மையத்தில் இருக்கும் ஒரு ஊழியருக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

வருகிற குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் லிஃப்ட் ஒப்பந்தம், பெயின்ட், டேங்கர் தண்ணீர் ஆகியவற்றோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசுங்கள். பசை அட்டையை வளாகத்தில் யாரும் வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம். சம்புக்கும் சேகரிப்புக் குழிக்கும் வலை மூடி, பலகை. மரம் வெட்டுவதோ ஏசி மாற்றுவதோ பங்குனி, சித்திரையில் என்றால் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது. பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடலைப் பார்த்து இருக்கும் வளாகங்கள் ஜனவரி முதல் மே வரை மொட்டைமாடி ஃபிளட்லைட்டை அணைத்து வைக்க வேண்டும். பொரிந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு ஏறிவிடும். வனத்துறை எண்ணையும் மீட்பு மையத்தின் எண்ணையும் வாட்ச்மேன் அறைச் சுவரில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன் எண்களுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முதலில் பார்ப்பவர் அவர்தான். அவரிடம் ஒரு அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் முன்னாலேயே கொடுத்து வைத்திருக்க வேண்டும்.